பெரிய ஓட்டை

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, பால் டின்களை ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள். புலாவ் செபாங் ஊர்க் கடையில் எல்லோரும் முணுமுணுத்தபோது, கையெல்லாம் ரப்பர் கறையோடு நின்ற ஓர் அக்கா மட்டும், “ரெண்டு டின்லயும் நல்லாப் பெருசாப் போடுங்க, மொதலாளி” என்றார்.

“சீக்கிரம் கெட்டுப்போகும்க்கா.” எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கோடு சொன்னேன்.

“சின்ன ஓட்டைன்னா என் தம்பி மெழுகு வச்சு அடைச்சு வித்து, அபின் வாங்கிடுவான்மா. இது அவன் வயித்துக்குத்தான் போகணும்.”

வாசலில் எலும்பாக நின்ற தம்பி, “நல்ல டின்னா ஒண்ணு கொடுலா அக்கா” என்று கெஞ்சினான்.

“இதைக் குடிடா. நான் இங்கயே நிக்கிறேன்.”

அவன் டின்னைச் சாக்கடையில் வீசிவிட்டு நடந்தான். அக்கா மற்ற டின்னை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார். அவன் திரும்பிப் பார்ப்பானா என்று தெரியாமல், நான் காத்திருந்த பஸ் வந்து நின்றும் அதில் ஏற எனக்கு மனம் வரவில்லை.