கிணற்றில் எத்தனை முழம்?

பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்தால் முதலில் எழுந்து வருவது சாதிக்காய் வாசம்தான். பூச்சி அரிக்காமல் இருக்க அக்கா போட்டு வைத்த நாலு காய்கள். அவற்றின் கீழே, வன்னியிலிருந்து அண்ணன் எழுதிய கடிதங்கள். அக்கா எழுதியவற்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவை எல்லாம் வடக்கே போய்விட்டன. அவற்றின் வாசம் மட்டும் என் மூக்கில் மிச்சம்.

எங்கள் அக்கா பலாபத்வலைக்கு மேலே உள்ள தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா தவறியபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு இரண்டு. அதற்குப் பிறகு அக்காதான் எங்களுக்கு எல்லாம். கொக்கோ உடைத்தார், மிளகு ஆய்ந்தார், பின்னாளில் பிள்ளை மடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். எழுபத்துநாலு பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கின் நடுத்துண்டை எங்களுக்கு வைத்துவிட்டு, "எனக்கு நாருதான் புடிக்கும்" என்று வேரைச் சப்பியவர். பல காலம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் லயத்தின் கூரைத் தகரம் போனது. அடுத்த மாதமே அண்ணன் அண்ணியோடு வன்னிக்குப் புறப்பட்டார்.

"அந்தக் காட்டுல என்னடா இருக்கு?"

"காடு இருக்குக்கா. அடிச்சு வெரட்ட ஆள் இல்ல."

முதல் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல், இப்படிக்கு. அவ்வளவுதான். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கேன்னு செத்தவன்கூட எழுதுவான்" என்று சொல்லிவிட்டு, பதிலில் ஒரே கேள்வி கேட்டார்: கிணறு வெட்டியாச்சா, எத்தனை முழம் தண்ணி நிக்குது?

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. கயிற்றை இறக்கி, நனைந்த பாகத்தைக் கையால் முழம் போட்டு அண்ணன் எழுதுவார். கடிதம் வந்ததும் லயத்துச் சனம் கூடும், அக்கா உரக்க வாசிப்பார், பிறகு எங்கள் கதவு நிலையில் அந்த அளவுக்குக் கரியால் கோடு இழுப்பார். கோடு ஏறினால் அடுப்பில் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ கூடும். இறங்கினால் வெறும் மா ரொட்டிதான். நூறு மைலுக்கு அப்பால் உள்ள கிணற்றை வைத்து நடந்த குடும்பம் எங்களுடையது.

சண்டை முற்றியது, தபால் நின்றது. நாவுலையிலிருந்து வவுனியாவுக்குக் காய்கறி ஏற்றும் லொறி ஓட்டிய முஸ்லிம் அண்ணன், எங்கள் நானா, கடிதங்களைக் கொண்டுபோனார். வவுனியாவுக்கு அப்பால் வியாபாரிகள் கைமாற்றினார்கள். ஒருநாள் நானா வியர்த்து வந்து நின்றார்.

"தங்கச்சி, ஆமிக்காரங்க ஒங்கட கடுதாசிய வாசிக்கத் தமிழ் தெரிஞ்ச ஆள் தேடினாங்க. மூனு மணித்தியாலம். தக்காளி எல்லாம் லொறியிலேயே வெந்து போச்சு."

அக்கா வெட்கப்பட்டார். வாசிக்க முடிந்த எழுத்தில் எழுதினால் விடுவார்கள் என்று கணக்குப் போட்டார். சிங்களம் பேசுவார், எழுத வராது. அலுவிகாரையில் கடை வைத்திருந்த சிங்கள அம்மாவிடம் ஞாயிறுதோறும் போய், சீனி சுற்றும் தாளில் எழுதிப் பழகினார்.

"அக்கே, உங்க எழுத்து எல்லாம் படுத்துத் தூங்குதுதானே!"

"நாள் முழுக்க வேலை செஞ்ச கை எழுதுற எழுத்து நோனா. கொஞ்சம் படுக்கட்டும்."

சிங்களத்தில் எழுதிய முதல் கடிதம் சோதனைச் சாவடியை நொடியில் கடந்தது. அதைப் படித்த சிப்பாய் சிரித்ததாக நானா சொன்னார். அக்கா அன்று பிள்ளை மடுவத்தில் பாட்டே பாடினார்.

மறுபக்கம், இயக்கத்தின் சாவடியில், நடந்தது பிறகுதான் தெரிந்தது. சிங்களக் கடிதம், அதில் போன தடவை அளவைக் குறித்து 'பதினாலு முழம்' என்று ஓர் எண். யார் அனுப்பியது, எதன் கணக்கு இது என்று கேட்டு அண்ணனை இரண்டு நாள் உட்கார்த்தி வைத்தார்கள். கிணற்றைக் காட்டி, கயிற்றை இறக்கி அளந்து காட்டிய பிறகே விட்டார்கள். "இனி எழுத வேணாம்னு சொல்லுங்க" என்று அண்ணன் சொல்லியனுப்பினார்.

அக்கா நியாயம் பேசவில்லை. "இந்தப் பக்கத்துக் காவல் சென்றிய மட்டும் நெனச்சேன். அந்தப் பக்கமும் ஒரு சென்றி நிப்பான்னு நெனக்கல. எம் புத்திதான் பிழை" என்றார். ஒன்றரை வருடம் நிலையில் இருந்த கரிக்கோடு அசையவில்லை. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்.

பிறகு ஒரு காலையில் தாளை நடுவே மடித்தார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதையே சிங்களத்தில். கோழி பொரித்தது, என் வேலை மாறியது, கிணற்றுக் கேள்வி, எல்லாமே இரண்டு தடவை.

"யார் வேணும்னாலும் வாசிக்கட்டும். மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

பதில் வர நாலு மாதம் ஆனது. 'பதினோரு முழம்.' வேறொன்றும் இல்லை. கோடு இறங்கியிருந்தது, ஆனாலும் அன்று தேங்காய்ப்பூ கூடியது.

சமாதானம் வந்து பாதை திறந்தபோது, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அண்ணன் மகளோடு வந்தார். தம்புள்ளையில் பஸ் மாறும்போது சிங்களப் பலகையைப் படித்து, சரியான பஸ்ஸில் அப்பாவை ஏற்றியது அந்தப் பிள்ளைதானாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டோம். "அத்தையோட கடுதாசிதான். ரெண்டு பக்கத்தையும் சேத்து வச்சுப் படிச்சேன்" என்றது. அக்கா உடனே உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

பாதை மறுபடி மூடியது. அக்காவின் சிறுநீரகம் போன வருடம் ஓய்ந்தது. தான் கேட்டதற்கு அண்ணன் பதில் எழுதிவிட்டாரா என்று கடைசி வாரம் வரை கேட்டார். அக்காவைத் தோளில் சுமந்த தோட்டத்து மக்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் லொறியோடு காத்திருந்த நானாவுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு சமைத்து அனுப்பிய அலுவிகாரை அம்மாவுக்கும் எங்கள் கைகள் கூப்பியபடியே இருக்கின்றன.

அக்காவின் நினைவாக நாங்கள் போடும் இந்த மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் வவுனியா முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நடுவே மடித்த தாள். இடப்பக்கம் அண்ணனின் தமிழ், வலப்பக்கம் மகளின் சிங்களம். 'மூணு பேரும் இருக்கோம். கிணறு அங்கேயே விட்டுப்போச்சு. இங்க பவுசர் வண்டியில வர்ற தண்ணி, ஆளுக்கு ஒரு வாளி.' அக்கா இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இந்த மலரை, சிங்களத்திலும் ஒரு பக்கம் சேர்த்து, அவருக்கு அனுப்புகிறோம். கடிதம் வந்தது கொளுத்தும் வெயில் காலத்தில் என்பதையும் குறித்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சமாதான காலத்தில் வந்து திரும்பிய அன்று பலாபத்வலைச் சந்தியில் அண்ணனை வழியனுப்பினோம். அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுவியாடா?"

"எழுதுறேன்க்கா. மழ வுழுந்து கெணறு நெறஞ்சதும் மொத வேலையா எழுதுறேன்."

பஸ் நகர்ந்தது. அக்கா கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

"மழைக்கு எல்லார் கெணத்துலயும்தான் தண்ணி நிக்கும். நீ கோடையில எழுதுடா."