பிள்ளையைப் புதைத்த மேடு

தாராவியில் இப்போது எங்கள் சந்து இருக்கும் இடம் முன்பு வெறும் தண்ணீர். அதைத் தரையாக்கியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. எந்த இன்ஜினியரும் வந்து அளவு சொல்லவில்லை. ஓரத்தில் கல்லைப் போட்டு அணைத்துவிட்டு அதற்கு உள்ளேதான் சாம்பலும் குப்பையும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடலேற்றத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நானாகவே கண்டுபிடித்தேன்.

அந்த நாளில் உப்பங்கழி மீனவர் குப்பமான கோலிவாடா வரைக்கும் வரும். கோலி மீனவர்கள் வாசலிலேயே படகு கட்டினார்கள். நான் தரை போடப் போட அவர்கள் படகு தள்ளித் தள்ளிப் போனது. அதையும் பெருமையாகத்தான் பேசித் திரிந்தேன்.

எங்கள் மூத்த பிள்ளை பதினொரு நாள்தான் இருந்தாள். பச்சைப் பிள்ளையை நாங்கள் எரிப்பதில்லை. ஒரு கோலி மீனவர்தான் அலையாத்தி மரத்தடியில், ஏற்றம் எட்டாத ஒரு மேட்டில் குழி தோண்டித் தந்தார். மறுநாள் பால் ஊற்ற வேண்டும். என் மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. நானோ, ஒரு லாரி இடிபாடு வந்திருக்கிறது என்று அதைக் கொட்டப் போய்விட்டேன். பால் ஊற்றவே இல்லை.

இப்போது எங்கள் சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்கள். கதவில் நம்பர் எழுதியாகிவிட்டது.

"ஏங்க, போறதுக்கு முன்னால புள்ளைக்கு ஒரு வாய் பால் ஊத்திருவோம்," என்றாள் மனைவி. "எங்கனன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"இந்தத் தரையப் போட்டவன்ட்டயே கேக்கியா?" என்றேன்.

நான்கு நாள் தேடினேன். மரமும் இல்லை, மேடும் இல்லை. கடைசியில் அந்த மீனவரைக் கூட்டிவந்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. கடல் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி நடந்து, என் தோல்பைப் பட்டறைக்குள் நுழைந்தார். தோல் வெட்டும் பிரஸ் மேல் கை வைத்தார்.

"இதுக்கு அடியில, அண்ணா," என்றார். எங்களோடு பழகிப் பழகிக் கற்ற தமிழ். "நீ ரொப்பும்போது ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்."

மனைவியிடம் வேறு இடத்தைக் காட்டியிருக்கலாம். பொய் சொல்வது என் வாய்க்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் அவளைப் பட்டறைக்குக் கூட்டிவந்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் பிரஸைப் பார்த்தாள். "அப்ப இத்தன வருசமும் அவ தலமேலதான் ஓட்டுனீங்களா?"

அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும், மத்தியானம் வரச் சொல்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. கையோடு கொண்டுவந்த டம்ளர் பாலை அதன் காலடியில் ஊற்றினாள்.

கீழிருந்து சொட்டு ஈரம் ஊறக்கூடாது என்று நான் கெட்டியாகப் போட்ட சிமென்ட் தரை அது. பால் இறங்கவில்லை. தோல் துணுக்குகளை நனைத்துக்கொண்டு அப்படியே பரவி நின்றது.

"குடிக்க மாட்டேங்காளே," என்றாள். பிறகு குனிந்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.