என் மகளையும் திட்டுங்க டீச்சர்!

போன வருடம் மழைக்காலத்தில், மலைக் கிராமமான பூம்பாறையில் எங்கள் தெரு பால்வாடியில் நடந்தது இது.

என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே கால்களில் பலம் கிடையாது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்துதான் போவாள். குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவளைப் பால்வாடியில் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "எதுக்குங்க புள்ளையச் சிரமப்படுத்துறீங்க? அட்டென்டன்ஸ் நான் போட்டுக்கிறேன். நீங்க சத்துமாவ மட்டும் வந்து வாங்கிட்டுப் போங்க" என்பார் டீச்சர். கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாம். இவர் கண் கலங்கிக்கொண்டே அல்லவா சொல்கிறார்! சத்துமாவா என் மகளோடு விளையாடப் போகிறது? விடாமல் நச்சரித்துச் சேர்த்துவிட்டேன். காலையில் வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன்; உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் ஏது?

ஒருநாள் மழை வலுத்து, பூண்டுக் காட்டில் களையெடுப்பு பாதியில் நின்றது. மகளைக் கூப்பிடச் சீக்கிரமே போனேன். எட்டிப் பார்த்தால், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்கார்ந்து பந்து உருட்டிக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் சுவரோரம் டீச்சருடைய நாற்காலியில், குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக, விழாவுக்கு வந்த தலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பந்து போகிற பக்கமெல்லாம் அவள் கண்ணும் போனது.

"என்ன டீச்சர் இது?"

"தரை சில்லுன்னு கெடக்குங்க. பாவம், புள்ளைக்கு ஆகாதுல்ல?"

"மத்த புள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா? தெனமும் இப்படித்தானா?"

அவர் தலையாட்டிக்கொண்டே அவளுக்குக் கம்பளியை இழுத்துவிட்டார். அட கடவுளே, தினமும்தான்! வேடிக்கை பார்க்கவா இவளை இடுப்பில் சுமந்துகொண்டு மேடேறி வருகிறேன்? கம்பளியை உருவிப் போட்டுவிட்டு அவளைப் பாயில் இறக்கி விட்டேன்.

இறக்கியதுதான் தாமதம், சரசரவென்று நகர்ந்து பந்தைப் பிடித்தாள். பக்கத்திலிருந்த பையன் அதைப் பிடுங்கப் பார்த்தான். என் மகள் அவன் கையைக் கடித்துவிட்டாள். அவன் வீலென்று அலற, டீச்சர் ஓடி வந்து அவனைத் தடவிக்கொடுத்து, "விடுடா, அவ பாவம்ல. அவளுக்கு என்னா தெரியும்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"அவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். காலுதான் வராது, பல்லு நல்லாத்தான் இருக்கு. வேற புள்ள கடிச்சா என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க. திட்டுங்க!"

பெற்ற பிள்ளையைத் திட்டச் சொல்லி மன்றாடிய தாய் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏய், கடிக்கலாமா? பந்த அவன்கிட்ட குடு. ஒன் முறை வர்ற வரைக்கும் பேசாம இரு" என்று அதட்டினார். மகள் உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழுதபடி பந்தைக் கொடுத்தாள். அழுது முடிப்பதற்குள் பந்து சுற்றி அவளிடமே வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை அடுத்த பிள்ளைக்கு உருட்டி விட்டாள்.

இப்போதெல்லாம் கூப்பிடப் போனால் புகாருக்குக் குறைவில்லை. இன்றைக்கு இவனைத் தள்ளினாள், இன்னொருத்தி சடையை இழுத்தாள் என்று டீச்சர் மூச்சுவிடாமல் சொல்வார். நானும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். பிறந்ததிலிருந்து ஊரே அவளைப் பார்த்துப் 'பாவம்' என்றுதான் சொல்லியிருக்கிறது. அவளும் எல்லாரையும் போல ஒரு பிள்ளைதான் என்று எண்ணி ஒருவர் பேசிய முதல் வார்த்தை, எனக்குத் தெரிந்து, அந்த அதட்டல்தான்.