கூத்தை வெளியே அனுப்பிய காணும் பொங்கல்

1. ஒரு டிக்கெட், ஒரு நாள்

தீம் பார்க்கில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "உங்களுக்கு என்ன மேடம், தினமும் ஜாலிதானே." எத்தனையோ வருடம் அந்த பார்க்கில் இருந்தேன். ஒரு தடவைகூட சறுக்கில் ஏறிச் சறுக்கியதில்லை. எல்லோரும் தண்ணீரில் ஆடும் நாளில் வெயிலில் நிற்பதுதான் என் வேலை. இப்போது பார்க், மால், எக்ஸிபிஷன் என்று வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் "கூட்டத்தை எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணிக்கு வெளியே, சேவூர் தாண்டி அந்த பார்க் வந்தது. முதலாளி பட்டு வியாபாரி. சென்னையில் கடற்கரைச் சாலையில் இருந்த வாட்டர் பார்க்கை யாரோ சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் நெல் விளைந்த நிலத்தில் ஒரு அலைக்குளம், நான்கு சறுக்கு, ஒரு ஜெயண்ட் வீல், டேஷிங் கார் எல்லாம் போட்டுவிட்டார். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணக் குடும்பம். பி.காம். முடித்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டவள். கவுண்டரில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், போனேன்.

முதல் நாள் என் ஜன்னலுக்கு வந்த முதல் ஆள் சந்தவாசல்காரர். வேட்டி, மேல் துண்டு, பின்னால் எட்டுப் பத்துப் பேர்.

"இந்த டிக்கெட்டு எது வரிக்கும் செல்லும்மா?"

"சாயந்தரம் மூடற வரைக்கும் இருக்கலாங்க."

"நடுவுல எழுந்திரிச்சிப் போன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டோங்க."

அவர் திரும்பிப் பார்த்து, "டேய், அந்தப் பாயையும் எடுத்தாங்கடா" என்றார். பாய், தூக்கு, புளிச்சோற்று அடுக்கு எல்லாம் உள்ளே போயின. மூடும் மணி அடிக்கும் வரை அந்தக் குடும்பம் வேப்பமரத்தடியை விட்டு அசையவில்லை. நம் பக்கத்து ஜனங்கள் டிக்கெட் வாங்கிவிட்டால் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான். ஆனால் கேட்டில் நிற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் உள்ளே போகிறவர் மாலை வரை இடத்தைக் காலி செய்ய மாட்டார்.

2. புடவைக்கு ஒரு பாஸ்

சில வருடங்களில் நான் கேட் இன்சார்ஜ் ஆனேன். கவுண்டர், கேட், மைக் மூன்றும் என் பொறுப்பு. செக்யூரிட்டிக்கு மாணிக்கம் அண்ணன் இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், குரலே பாதி வேலையை முடித்துவிடும். மீதி வேலையை நான் முடிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கடையில் ஒரு பட்டுப்புடவை எடுத்தால் பார்க்குக்கு ஒரு ஃபேமிலி பாஸ் இலவசம். பொங்கல் லீவில் எந்த நாளிலும் வரலாம். அச்சடித்து வந்த பாஸை என்னிடம் காட்டினார். மயில் படம் போட்டு அழகாகத்தான் இருந்தது.

"எத்தனை பேருக்குன்னு போடலையே, முதலாளி" என்றேன்.

"அதான் ஃபேமிலின்னு போட்டுகீதேம்மா."

"ஃபேமிலின்னா எத்தனை பேர்?"

"ஃபேமிலின்னா ஃபேமிலிதான். இதுல போயி இன்னா கேள்வி?"

ஆரணியில் ஃபேமிலி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததில்லை. அண்ணன் தம்பி நான்கு பேர் ஒரே வாசல், ஒரே சமையல். கட்டிக்கொடுத்த பெண்கள் பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசு வராது. புடவை விற்கும் சந்தோஷத்தில் அவர் இதையெல்லாம் யோசிக்கவில்லை. போதாததற்கு, தன்னிடம் நெய்யும் தறிக்காரர்களுக்கும் போனஸோடு ஒவ்வொரு பாஸ் கொடுத்துவிட்டார்.

"கவலப்படாதம்மா. லீவு நாலு நாளு கீது. பிரிஞ்சி பிரிஞ்சி வருவாங்க" என்றார்.

பிரிந்து எப்படி வருவார்கள்? பொங்கலன்று வீட்டில் பொங்கல் வைக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று கறி ஆக்க வேண்டும், சொந்தக்காரர்களைக் கவனிக்க வேண்டும். வெளியே கிளம்ப வாய்த்தது காணும் பொங்கல் ஒன்றுதான். தறி எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும் ஊர் இது. இங்கே ஒருவர் வீட்டில் சும்மா இருந்தால் ஊரே சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் சொன்னேன். அவர் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார்.

3. கேட்

காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்கே உள்ளே கால் வைக்க இடமில்லை. அலைக்குளத்தில் தண்ணீரே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. லைஃப் கார்டு பையன்கள் அலை மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். நான் கவுண்டர் ஷட்டரை இறக்கச் சொன்னேன்.

முதலாளி மாடி ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு ஷட்டர எறக்குன?"

"உள்ள ஃபுல்லுங்க. இனிமே ஒருத்தர விட்டாலும் குளத்துல ஆள் முழுகுனா தெரியாது."

"வெளிய நிக்கிறவன் பூரா என் கஸ்டமரு. புடவ எடுத்தவன். அவன வெரட்டுனா நாளைக்கு என் கட வாசல்ல நிப்பான்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் நான் கேட்டைப் பார்த்தேன். மெயின் ரோட்டிலிருந்து கேட் வரை இரண்டு பக்கமும் ஆள் உயர மதில் எடுத்த நீளப் பாதை. அந்தப் பாதை முழுக்க ஜனம். ரோட்டில் ஒவ்வொரு டவுன் பஸ்ஸும் நின்று மேலும் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தது. இறங்கியவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கேட் திறக்கப் போகிறது என்று நினைத்து நெருக்கினார்கள். அந்த நெருக்கல் எல்லாம் வந்து கேட் கம்பியில் நின்ற முதல் வரிசைமேல் விழுந்தது.

முதல் வரிசையில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இடுப்பில் இரண்டு வயது இருக்கும் குழந்தை. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். மாணிக்கம் அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி கேட்டுக்கு மேலே வாங்கி என்னிடம் கொடுத்தார். குழந்தை அழாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளைத் தூக்க எங்களால் முடியவில்லை.

"கேட்டைத் திறந்துடுங்க" என்று யாரோ சொன்னார்கள். முதலாளியும் அதையே சொன்னார். நான் முடியாது என்றேன். கேட்டுக்கு உட்புறம் கீழே இறங்க மூன்று படி, அதற்கப்புறம் இரும்பு சுழல் கேட். திறந்த அடுத்த நொடி முதல் வரிசை அந்தப் படியில் குப்புற விழும், அவர்கள்மேல் மற்றவர்கள் விழுவார்கள். அந்தப் பெண்தான் அடியில் இருப்பாள்.

மைக்கில் சொல்லலாமா என்றால், எங்கள் குழாய் ஸ்பீக்கர் கேட்டின் மேலே இருந்தது. பாதி தூரத்துக்குத்தான் கேட்கும். "டிக்கெட் இல்லை" என்று அறிவித்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். பாஸ் வைத்திருப்பவன் சண்டை போட முன்னால்தான் வருவான். போலீசுக்குப் போன் போட்டாயிற்று. அவர்கள் அந்த ரோட்டு நெரிசலைத் தாண்டி வந்தாக வேண்டும்.

முன்னால் நிற்பவர்களிடம் பின்னால் போங்கள் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்கள் போக ஆசைப்பட்டும் முடியாதவர்கள். கடைசியில் நிற்பவன் திரும்பினால்தான் முன்னால் நிற்பவளுக்கு மூச்சு. அவன் எதற்குத் திரும்புவான்?

அப்போதுதான் உள்ளே மேடைக்குப் பின்னால் முகவீணைக் குழல் சுதி கூட்டும் சத்தம் கேட்டது. காணும் பொங்கல் ஸ்பெஷல் என்று ஒரு மணி நேரத் தெருக்கூத்து போட்டிருந்தோம். கூத்தைத் தொடங்கி வைக்கும் கோமாளியான கட்டியங்காரன் வேஷம் கட்டும் ஏழுமலை, அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு இருந்தார். பின்பக்க ஷெட்டில் ஊர் ஊராய் விளம்பரம் போகும் ஆட்டோ நின்றது, மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு.

குழந்தையை கவுண்டர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"ஏழுமலை அண்ணே, ஜல்தியா ஆட்டோல ஏறுங்க. பின் கேட் வழியா சுத்திப் போயி, ரோட்டுக்கு அந்தாண்ட அறுத்த வயல்ல எறங்கி ஆடுங்க."

"பாதி மொகம்தாம்மா பூசிகினு கீறேன்."

"பாதி போதும். ஜனம் உங்க பக்கம் திரும்பணும். கேட்டுல பொம்பளைங்க நசுங்கிகினு இருக்காங்க."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பம்பைக்காரரை இழுத்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முகவீணையும் தாளமும் வரப்புமேல் ஓடின.

முதலாளி என் முன்னால் வந்து நின்றார். "காசு குடுத்து உள்ள உக்காந்துகினு இருக்கிறவனுக்கு ஷோ இல்ல, வெளிய நிக்கிறவனுக்கு ஓசில ஆட்டமா? நாளைக்கு நீ வேலைக்கு வரவாணாம்."

"சரிங்க, நாளைக்கு வரல. இன்னைக்கு இருக்கேன்" என்றேன். எனக்கு அவ்வளவு கோபம். அதற்குமேல் அவரிடம் பேச நேரமும் இல்லை.

பம்பைச் சத்தம் முதலில் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஸ்பீக்கரில் ஏழுமலையின் குரல் வந்தது.

"வந்தேனே, வந்தேனே! ராஜா வராரு, ராஜா வராரு, குந்த எடம் குடுங்கய்யா! பட்டுப்புடவ எடுத்த மவராசிங்க எல்லாம் அங்க இன்னா கம்பிய எண்ணிகினு கீறீங்க? ராஜா இங்கல்ல வராரு!"

பின்னால் சிரிப்பு எழுந்தது. ரோட்டில் நின்றவர்கள் முதலில் தலையைத் திருப்பினார்கள், பிறகு உடம்பைத் திருப்பினார்கள், பிறகு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். கூத்து என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போகிற சீமை இது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மதில் பாதையில் இடைவெளி தெரிந்தது. மாணிக்கம் அண்ணன் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தபடி, "அப்படியே ஒரு ஒரு எட்டா பின்னால போங்க, ஓடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் கம்பியை விட்டு விலகி மதிலோரம் உட்கார்ந்தாள். நெருக்கல் தளர்ந்ததால் கேட்டிலிருந்த சின்னக் கதவைத் திறந்து நான் குழந்தையை மடியில் வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. மைக்கைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஏழுமலை பாதி முகத்தோடு வெயில் சாயும் வரை ஆடினார். உள்ளே இருந்து எத்தனை பேர் வெளியே வந்தார்களோ, அத்தனை பேரை மட்டும் வயலிலிருந்து வரிசையாக உள்ளே விட்டோம். பலர் உள்ளே வரவே இல்லை. கூத்து பார்த்துவிட்டு, பாஸைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் சமண வழக்கம், இருட்டினால் சாப்பிட மாட்டோம். அன்று அது முடியவில்லை, பட்டினிதான். பசியே தெரியவில்லை.

4. செருப்புக் குவியல்

மறுநாள் வேலைக்குப் போனேன். வரவேண்டாம் என்று சொன்னவர் மறந்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. மறக்காவிட்டால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று ஒரு வீம்பு.

கேட்டுக்கு வெளியே முதலாளி தனியாக நின்றுகொண்டிருந்தார். மதில் பாதை முழுக்க இறைந்திருந்த செருப்பெல்லாம் அவர் முன்னால். ரப்பர் செருப்பு, புதுத் தோல் செருப்பு, கொலுசு மணி வைத்த குழந்தைச் செருப்பு. நெருக்கலில் காலிலிருந்து கழன்றவை. குனிந்து எடுக்க முடியாமல் விட்டுப் போனவை. பெருக்குகிற அம்மா அவற்றைக் கேட்டோரமாகக் குவித்து வைத்திருந்தாள். என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

காலையிலிருந்தே சேவூர் ஜனம் வெறுங்காலோடு வந்து தேடி எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. கம்பியில் நின்ற அந்தப் பெண்ணும் வந்தாள். பெயர் செல்வி, வீட்டில் இரண்டு தறி. குவியலைக் கிளறி ஒற்றைச் செருப்பைக் கண்டுபிடித்தாள். ஜோடி கிடைக்கவில்லை.

"இன்னும் தேடிப் பாரும்மா" என்றார் முதலாளி.

"போனாப் போவுதுங்க. நேத்து புள்ளைய மேல தூக்கிக் குடுக்கச்சொல்ல, அது பொழைச்சாப் போதும், நான் இதோட சரின்னு நெனச்சிகினேன். செருப்பு போனதுக்கா பேஜாராவப் போறேன்?"

அவள் போன பிறகும் அவர் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இதுல ஒண்ணு, ஆளு வந்து கேக்காமக் கெடந்திருந்தா இன்னாம்மா பண்ணியிருப்பேன்?" என்றார். "அடுத்த தீபாவளிக்கு எத்தினி பாஸ் அடிக்கலாம், எத்தினி தலைன்னு நீயே போட்டுக் குடு. நீ போட்டதுதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். வேலையை விட்டுப் போகச் சொன்ன பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அப்புறம் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் உள்ளே இத்தனை தலை என்று நான் சொன்னதுதான் கணக்கு. 'ஃபுல்' போர்டை கேட்டில் வைக்காமல் பஸ் ஸ்டாப்பில் வைத்தேன். ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் திருப்பினேன். கூத்து எப்போதும் வெளியே, அந்த வயலில்தான். மதிலில் பாதியை இடித்து அகலப்படுத்தினார்கள். வருத்தப்பட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு, என்னைத் திட்டியவர்களும் நிறைய உண்டு. திட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்கள், அது போதும் எனக்கு.

புதிதாகக் கேட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உன் முன்னால் நின்று கத்துகிறவன் உனக்குப் பிரச்சினை இல்லை. உன் கண்ணுக்கே தெரியாமல் கடைசியில் நின்று, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், லேசாக நெருக்குகிறானே, அவனிடம் முதலில் பேசு. முதலாளி வேலையை விட்டுப் போ என்றால், நாளைக்குப் போகிறேன் என்று சொல். நான் ரிட்டயர் ஆகும் வரை என் கேட்டில் ஒருவர்கூடக் கீழே விழவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.