வெட்ட வெட்டத் தழைத்த கீரை

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு கீரை வந்தது. வந்தது போகவே இல்லை என்பதுதான் என் குறை.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்த கூட்டாளி வீட்டிலிருந்து நடுவதற்கு வெட்டிய ஆறு தண்டுகளை, ஆறு போத்துகளை, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தவசிக்கீரையாம். "ஒருக்க ஊனிட்டா போதும், வருஷக்கணக்கா பறிக்கலாம். அம்புட்டும் சத்து" என்றபடி, பாத்திரம் கழுவும் அங்கணத்துத் தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டார். வருஷக்கணக்கா என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் என் இடுப்புயரம் வந்துவிட்டது. பருப்பில் கீரை, அடையில் கீரை, முட்டையில் கீரை. தீபாவளிக்குச் சுட்ட உளுந்தவடையிலும் கீரை. மற்ற கீரையென்றால் பூச்சி விழும், வெயிலில் காயும். இது பறிக்கப் பறிக்கத் துளிர்த்தது. பள்ளிக்கூடத்தில் என் தூக்குவாளியைத் திறக்குமுன்பே பிள்ளைகள் மோந்து பார்த்து, "இன்னைக்கும் பச்சைதான்" என்பார்கள்.

வேண்டாம் என்றால் அப்பா, "தின்னுட்டி, கண்ணு நல்லாத் தெரியும்" என்பார். என் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. தட்டில் கிடப்பது நன்றாகவே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அப்போதெல்லாம் பகலிலும் படுத்துவிடுவாள். நான் அரிவாளை எடுத்து ஆறு செடியையும் தூரை ஒட்டி வெட்டி வாய்க்காலில் தள்ளினேன். எதிர்வீட்டு ஆடு மேய்ந்துவிட்டதாக ஒரு கதையும் தயாராக வைத்திருந்தேன்.

அப்பா வந்ததும் அதைச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். எல்லாத் தூரும் சாய்வாக, ஒரே வெட்டில்.

"ஆடு அருவாளோடல்லா வந்திருக்கு" என்றார்.

அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கை கால் கழுவப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிள் மிதித்தார். கூட்டாளி வீட்டுச் செடியிலிருந்து ஒரு கைப்பிடி கீரை வரும். அது அம்மாவுக்கு மட்டும். அம்மா என் தட்டிலும் கொஞ்சம் வைக்க வருவாள். நான் தட்டை இழுத்துக்கொள்வேன்.

"பிள்ளைக்கில்லாம எனக்கு மட்டும் எறங்கமாட்டேங்குது" என்று அவள் பாதியில் எழுந்துவிடுவாள்.

"ரெண்டு வாயாவது தின்னேன்" என்று அப்பா என்னிடம் கெஞ்சுவார். கீரைக்குப் போய் ஒரு மனிதர் இப்படிக் கெஞ்சுவாரா என்று எனக்கு எரிச்சல் வரும். அப்பாவுக்குக் கீரைப்பைத்தியம் முற்றிவிட்டது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

இருபது நாளில் ஒவ்வொரு தூரிலும் நாலைந்து துளிர். வாய்க்காலில் தள்ளிய தண்டுகளில்கூட மூன்று வேர்விட்டிருந்தன. ஆறு செடி ஒன்பதாகிவிட்டது. நான் ஆத்திரத்தில் அழுதேன். அப்பா பிள்ளையார் கோவிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார்.

சித்திரையில் தங்கை பிறந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போனதையும், அம்மாவுக்கு ரத்தம் போதாதென்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் இல்லாத எதையும் அம்மா தனக்கென்று எடுத்துச் சாப்பிடமாட்டாள். என் தட்டில் விழுந்தால்தான் அவள் தட்டிலும் விழும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய, நானே பிள்ளை பெற வேண்டியிருந்தது.