நூர்ஜகான் அக்கா பார்த்துக்கொண்ட தொட்டி

செவ்வாய்க்கிழமை காலை கல்யாண மண்டபத்து எச்சில் இலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நூர்ஜகான் அக்காவின் மகள் போன் செய்தாள். "ராணிம்மா, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அக்கா இறந்துவிட்டார். கையிலிருந்த இலையை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன்.

குடவாசலில் எங்கள் குப்பை பிரிக்கும் கொட்டகையை அறிந்தவர்களுக்கு நூர்ஜகான் அக்காவைத் தெரியாமல் இருக்காது. மார்க்கெட் கழிவையும் மண்டபத்து மிச்சச் சோற்றையும் நான் பிரித்துக் கொடுப்பேன். அக்கா அரைத்து எரிவாயுத் தொட்டியில் விடுவார். அதில் வரும் வாயுவில்தான் பக்கத்து அங்கன்வாடியில் சோறு வேகிறது. முன்பு அத்தனையும் எங்கள் தெருவை ஒட்டிய வாய்க்கால் கரையில் கிடந்தது. ஈயை விரட்டாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை நாங்கள்.

ஒருநாள் எலுமிச்சைத் தோலைக் கூடையோடு கொண்டுபோனேன். "அது குப்பைத்தொட்டி இல்லடி, வயிறு. இதைப் போட்டா நெஞ்செரிச்சல் வரும். நீயா வந்து கசாயம் குடுப்பே?" என்றார்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும், நம் கொட்டகையைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது என்று நினைத்தேன். அன்று அக்கா லீவு. வாளி, தரை எல்லாவற்றையும் பினாயிலால் கழுவினேன். நாற்றம் போகட்டும் என்று தொட்டிக்குள்ளும் ஒரு கேனைக் கவிழ்த்தேன்.

மூன்றாம் நாள் அவர்கள் வந்தபோது அடுப்பு பற்றவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்த அதிகாரி, "யார் பினாயில் ஊத்துனது? வாயு உண்டாக்குற கிருமியெல்லாம் செத்துப்போச்சு" என்றார். இருபது நாளில் எரியாவிட்டால் தொட்டியை மூடிவிடுவோம், குப்பை பழையபடி வாய்க்கால் கரைக்கே போகும் என்றார். நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாங்க சார். வயசாயிடுச்சு, புத்தி மட்டு" என்றார் அக்கா.

அவர்கள் போனதும் அழுதேன். "உன்னை நிறுத்திட்டா நான் யார்கூட சண்டை போடுறது? அழுதது போதும், போய் சாணி கேட்டு வா" என்றார் அக்கா.

பாதித் தொட்டியை இறைத்தோம். தினமும் சாணம் கரைத்து ஊற்றினோம். இரண்டு வாரம் கழித்து வாயு வந்தது, ஆனால் பற்றவில்லை. "இப்பதான் பசி எடுக்குது அதுக்கு, பேசாம இரு" என்றார். பதினேழாம் நாள் நீலமாக நின்று எரிந்தது. பருப்பு வேகும்வரை அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை.

பினாயில் ஊற்றியதற்குத் தண்டனையாக அந்த மாதமே அக்காவைத் தெரு கூட்ட மாற்றிவிட்டார்கள். தொட்டி என் பொறுப்பானது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "சொல்லி? என்னையும் உள்ளே விட மாட்டான், உன்னையும் வெளியே தள்ளுவான். அப்புறம் தொட்டிக்கு யாருடி இருக்கா?" என்று அடக்கிவிடுவார். ஆனால் தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் கேட் வழியாகவே போவார். உள்ளே வர மாட்டார். "எரியுதா?" என்று மட்டும் கேட்பார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய இந்த வேலைதான். நேற்று சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவைத் தெரிந்த உங்களுக்கும் சொல்கிறேன், ஊற்றியது நான்.

இன்று காலை அடுப்பு பற்றியதும் கேட் வரை போனேன். தெரு கூட்டாமல் கிடந்தது. "எரியுதுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.