இலக்கு சாரின் அலமாரி

பலகையின் மேல்விளிம்பில் அளவுகோலை வைத்து முதலில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிவப்புச் சுண்ணக்கட்டியில் ‘இன்றைய கற்றல் இலக்கு’. அதற்குக் கீழே வெள்ளையில், முத்து முத்தாக: ‘இப்பாடவேளையின் முடிவில் மாணவர்கள் தாமே கண்டறிவர்...’ என்று எதையாவது. ‘தாமே’ என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. பிறகு இரண்டடி பின்னால் வந்து, தன் பிள்ளைக்குத் தலைவாரி விட்டவர்போலச் சாய்ந்து பார்த்துக்கொள்வார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். மீதிப் பாதியில் விடையை அவரே சொல்லிவிடுவார். மணி அடித்ததும் இலக்குக்குப் பக்கத்தில் பெரிய சரிக்குறி. இலக்கு அடையப்பட்டது. யார் அடைந்தார்கள் என்று எழுதப் பலகையில் இடமிருக்காது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இலக்கு சார். அது அவர் காதுக்கும் போனது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த வகுப்பையும் வெளி நடையையும் கூட்டித் துடைப்பவள் நான். அதிகம் பேசாதவள் என்பதால் மேசை நாற்காலியோடு என்னையும் சேர்த்துக் கணக்கில் வைத்திருக்கிறார். என் முன்னால் எதையும் சொல்வார், எதையும் செய்வார்.

வகுப்பின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. உள்ளே மரக் கனசதுரங்கள், சின்னத் தராசு, ரப்பர் வளையம் மாட்டி உருவம் செய்யும் ஆணிப்பலகை, பின்னங்களைக் காட்டும் வண்ண வட்டத் துண்டுகள். எல்லாம் பிள்ளைகள் கையால் செய்து கணக்குப் படிப்பதற்கு வந்தவை. வந்த நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. செயல்பாட்டு வகுப்பு என்றால் எல்லாரும் வரிசையில் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். “தொட்டா அழுக்கு, பாத்தா அறிவு” என்பது அவருடைய வாக்கு. பூட்டிய பிறகு பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குப் போகும்முன் வாசலிலிருந்து திரும்பி வந்து இன்னும் இரண்டுமுறை.

ஒரே ஒருதரம் மனம் இளகி, பின்னத் துண்டுகளை முதல் பெஞ்சுக்குக் கொடுத்தார். திரும்ப வாங்கியபோது ‘ஆறில் ஒரு பங்கு’ என்ற துண்டு ஒன்று குறைந்தது. அன்று முழு வகுப்பின் பைகளும் தரையில் கவிழ்ந்தன. சாயங்காலம் அது அவருடைய சட்டைப் பையிலிருந்தே கிடைத்தது. பிள்ளைகளின் பொறுப்பின்மை எவ்வளவு மோசம் பார் என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

சென்ற மாதம் மேலிடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு மேடம் வந்து செயல்பாட்டு வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவார். குறைந்தால் விடுமுறையில் இருபது நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். அதுகூட அவருக்குப் பெரிதில்லை. பயிற்சி கொடுப்பவர் அவருடைய சகலை. அதில்தான் ஆளுக்குத் தூக்கம் போனது.

“பொண்டாட்டி தங்கச்சி புருஷன்மா. நேத்துவரைக்கும் எங்கிட்ட சந்தேகம் கேட்டவன். அவன் முன்னாடி நான் காகிதம் மடிச்சு வெளையாடணுமாம்,” என்றார், நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது. “என் வீட்டுல அதுக்கப்புறம் காப்பிகூட அவன் கையைத் தாண்டித்தான் எனக்கு வரும்.”

ஆகவே ஒரு திட்டம் போட்டார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்தான் வரும், மூன்று புள்ளி ஒன்று நான்கு. அதைப் பிள்ளைகள் டப்பா மூடிகளை நூலால் அளந்து, தாமே கண்டறிய வேண்டும். சாப்பாட்டு இடைவேளைகளில் பதினான்கு மூடிகளையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு மூடியின் விட்டத்தையும் அளந்து, மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கி, வருகிற நீளத்துக்கு நூலை வெட்டி, எண் எழுதி மூடிக்குள் வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, “பசங்க அளந்தா தப்பா அளப்பாங்கம்மா,” என்றார். பிள்ளைகள் தாமே கண்டறிவதில் இருக்கும் ஆபத்தை அவர் அளவுக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மேடம் வந்த அன்று பலகை கண்ணாடிபோல இருந்தது. நான் வாசல் ஓரத்தில் வாளியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பதினான்கு குழுக்களும் நூலைச் சுற்றின, அளவுகோலில் வைத்தன, வகுத்தன. பதினான்கு வாயிலிருந்தும் மூன்று புள்ளி ஒன்று நான்கு. மேடம் நோட்டிலிருந்து தலை தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் என் வாளியைக் காட்டி, இதையும் அளந்து பாரேன் என்றார்.

அந்தப் பெண் எழுந்து, நல்ல பிள்ளையாக இலக்கு சாரைப் பார்த்தாள். “சார், வாளிக்கு நீங்க நூல் வெட்டித் தரலையே.”

மேடத்தின் பேனா நின்றது. சார் சுவரில் தெரிந்த ஒரு விரிசலை ஆராயத் தொடங்கினார். அவர் கண்ணுக்கு அதில் சகலையின் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் காத்திருக்கவில்லை. தன் ஷூ கயிறுகள் இரண்டையும் உருவி ஒன்றாக முடிச்சுப் போட்டாள். வாளியின் வாயில் கைப்பிடி இடித்தது, அதனால் நடுவயிற்றைச் சுற்றி அளந்தாள். எண்பத்தைந்து சென்டிமீட்டர். விட்டத்தை வாயில் அளந்தாள். முப்பது. வகுத்தால் மூன்றுகூட வரவில்லை.

“வாளி சரியில்ல மேடம், பழசு,” என்றார் சார்.

மேடம் அவரைக் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டார். அந்த வகுப்பில் நான் முதன்முதலாகச் சத்தம் கேட்டேன். வகுத்தது தப்பு என்றது ஒரு பெஞ்சு. கயிறு இழுபடுகிறது என்றது இன்னொன்று. நாலு பேர் வாளியைச் சுற்றித் தரையில் படுத்தே விட்டார்கள். கடைசி பெஞ்சுப் பெண் வாளியின் வாயிலிருந்து அடிவரை கையால் தடவினாள்.

“மேல பெரிய வட்டம், நடுவுல சின்ன வட்டம். நான் ரெண்டையும் கலந்துட்டேன்,” என்றாள்.

கைப்பிடியை ஒருத்தி தூக்கிப் பிடிக்க, வாயைச் சுற்றியே மறுபடி அளந்தார்கள். தொண்ணூற்றைந்து. மூன்று புள்ளி ஒன்று ஏழு. பிள்ளைகள் கூவினார்கள். கடைசியில் வந்த ‘ஏழு’ என்ற அந்த இலக்கத்தை மட்டும் சார் அழைக்காமல் வந்த விருந்தாளியைப்போலப் பார்த்தார்.

மேடம் மேசையில் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார். நூல்களைப் பற்றி ஒரு வரி, அதைச் சார் யாருக்கும் காட்டவில்லை. வாளியைப் பற்றி ஆறு வரி, அதை ஆசிரியர் அறையில் மூன்றுமுறை வாசித்துக் காட்டினார். பயிற்சி தேவையில்லை என்று கீழே இருந்தது. சகலைக்கு அன்றே தொலைபேசியில் பேசினார்: “சும்மா ஒரு பழைய வாளியை வாசல்ல வெச்சேன் தம்பி. அதெல்லாம் ஒரு ஐடியாதான்.”

மறுநாள் காலை நடையைத் துடைக்கப் போனால் வாளியைக் காணோம். வகுப்பில் எட்டிப் பார்த்தேன். சார் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலிசெய்து, என் வாளியைத் தன் கைக்குட்டையால் உள்ளும் புறமும் துடைத்துக்கொண்டிருந்தார். ‘செயல்பாட்டுப் பொருள்’ என்று எழுதிய சீட்டை வயிற்றில் ஒட்டினார். கடைசி பெஞ்சுப் பெண் ஷூ கயிற்றோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வாளிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.